ஆளில்லாத கடற்கரையாம்

பனிமய மாதா துணை

அன்புள்ள அம்மாவுக்கு, சென்னை விடுதியிலிருந்து ரீனா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முட்டுவலி குறைந்ததா? அப்பா கடலுக்குப் போகிறார்களா? நான் நலம். போனில் சொன்னால் கத்திவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நேற்று புவியியல் வகுப்பில் மக்கள் அடர்த்தி பாடம். சார் திரையில் நம் ஊர் வரைபடத்தைக் காட்டினார். மாதா கோயிலுக்குக் கிழக்கே மணல் முழுவதும் வெள்ளையாக விட்டிருந்தார்கள். “இங்க ஆளே இல்ல. பயன்படாத நிலம். குடோன் கட்ட ஏத்த இடம்” என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து, “சார், எங்க அம்மா அங்கனதான் கருவாடு காயப்போடுதாவ. ஊரே அங்கன உக்காந்துதான் வலை பின்னுது” என்றேன். ‘அங்கன’ என்றதற்கு வகுப்பே சிரித்தது.

“யாராவது அங்க குடியிருக்காங்களா?” என்று கேட்டார் சார். படுத்துத் தூங்கும் இடத்தில்தான் மனிதரை எண்ணுவார்களாம்!

“அப்போ இந்த வகுப்புலயும் ஆளே இல்லையா சார்?” என்று கேட்டுவிட்டேன்.

சிரிப்பு நின்றது. சார் திரும்பி, திரையிலிருந்த அந்த வெள்ளை இடத்தைப் பார்த்தார். பிறகு, “அடுத்த வாரம் வியாழக்கிழமை நீயே வந்து இந்தப் பாடத்த நடத்து” என்றார். பயப்படாதீர்கள், திட்டவில்லை.

அந்த மணலில் யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று விஜிலா சித்தியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நெத்திலிக் கருவாடும் கொஞ்சம் அனுப்புங்கள். விடுதியில் சமைக்க முடியாது, இருந்தாலும் அனுப்புங்கள். ஒரு படத்தில் மட்டும் நீங்கள் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்ப்பதுபோல் நில்லுங்கள். அதை வகுப்பில் காட்ட மாட்டேன்.

மெஸ்ஸை மூடப்போகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
ரீனா