உங்கள் பெயரோடு தோற்றவன்

அன்பு குறையாமலும் கோபம் ஆறாமலும் நான் நினைத்துக்கொண்டிருக்கும் மரியதாஸ் அண்ணைக்கு,

ஜெறோமின் அணி கடைசி ஆட்டத்திலும் தோற்றுவிட்டது. இந்த முறை ஒரு வெற்றிகூட இல்லை. இதைக் கேட்டால் உங்கள் முகம் எப்படிச் சுருங்கும் என்று எனக்குத் தெரியும். சுருங்கட்டும்.

தாயில்லாமல் நீங்கள் வளர்த்த ஒரே மகன். அமெரிக்காவில் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் அவனுக்கு இடம் கிடைத்தபோது நாம் வேலைபார்க்கும் இந்த அரபு ஊரில், ஃபஹாஹீலில், தெரிந்தவர் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தீர்கள். பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற அந்த முரட்டு விளையாட்டில், இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்புவது அவன் வேலை. சட்டையின் முதுகில் உங்கள் பெயர். அந்தப் படத்தை வேலை சைட்டில் கண்டவருக்கெல்லாம் காட்டினீர்கள். "மரியதாஸ் எண்டு போட்டிருக்கு, பாருங்கோ."

பிறகு தோல்விகள் தொடங்கின. நான்காவது ஆட்டத்தை உங்கள் வீட்டில் உங்களோடு இருந்து பார்த்தேன். மூன்று வினாடிதான் மிச்சம். ஜெறோம் உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அவன் புல்லில் அப்படியே குந்திவிட்டான். அரை மணி கழித்து அவனே போன் எடுத்தான்.

"அப்பா, பார்த்தனீங்களோ?"

"பார்த்தன். அந்தச் சட்டையில இருந்து என்ர பேரை எடு. கலாஸ், முடிஞ்சுது. இனி எனக்குப் போன் எடுக்காத."

இருபது வயதுப் பிள்ளையிடம் இதைச் சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது? நானும்தான் வாய் திறக்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவ எழுந்து போனேன். அந்தப் பழி என்னுடையது.

அதன் பிறகு அவன் எடுத்த அழைப்பு ஒன்றையும் நீங்கள் தொடவில்லை. "அண்ணை, பிள்ளையோட ஒருக்காக் கதையுங்கோவன்" என்று கெஞ்சினேன். "வெண்டிட்டு எடுக்கச் சொல்லு" என்றீர்கள். அவன் வெல்லவில்லை. நீங்கள் டியூட்டியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள்.

ஊரில், பாசையூரில், உங்கள் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அவன் நின்றபோது, வந்தவர்கள் எல்லோரும் ஒரே பொய்யைச் சொன்னார்கள். "அப்பா உன்னை நினைச்சுச் சரியான பெருமைப்பட்டவர்." அவன் தலையாட்டியபடி நின்றான். திரும்பிப் போய் மிச்ச ஆட்டங்களையும் ஆடினான். நீங்கள் எடுக்கச் சொன்ன பெயரை அவன் எடுக்கவில்லை. அதோடுதான் தோற்றான்.

நேற்று அழைத்தான்.

"மாமி, உண்மையைச் சொல்லுங்கோ. அப்பா கடைசியில என்னைப் பற்றி ஏதும் சொன்னவரோ?"

"இல்லையடா. நல்லதா ஒண்டும் சொல்லேல்ல. உன்ர போன் அடிக்கிறதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்."

"தேங்க்ஸ் மாமி. மற்றவை எல்லாரும் வேற மாதிரிச் சொன்னவை." பிறகு அழுதான். செத்தவீட்டில்கூட அழாதவன், வாய்விட்டு அழுதான். அவன் ஓயும்வரை நான் போனை வைக்கவில்லை.

அண்ணை, உங்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறேன். மெழுகுதிரி கொளுத்துகிறேன். ஆனால் உங்களை மன்னிக்கும்படி அவனிடம் ஒருநாளும் கேட்க மாட்டேன். அதைக் கேட்க உங்களுக்குத்தான் வாய் இருந்தது, நாளும் இருந்தது. அடுத்த முறை அவன் ஆடும்போது லீவு போட்டுவிட்டு அங்கே போய் இருப்பேன். அவன் தோற்றாலும் எழுந்து போக மாட்டேன். இது சத்தியம்.

உங்கள் தங்கச்சி,
அவனுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே மாமி