தொட்டால் ஓட வேண்டும்

அக்கா, இன்று காலை சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜல்லி லாரி பழுதாகி நின்றுவிட்டது. நான் இப்போது வேலை பார்க்கும் அரிசி மண்டிக்கு நேர் எதிரே. மழையில் நனைந்த கல்லின் வாசம் உள்ளே வந்ததும், சாக்குத் தைத்துக்கொண்டிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உன் ஞாபகம் வந்துவிட்டது.

இந்த மலையாள நகரத்துக்குக் கிழக்கே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருந்த அந்தச் சின்னக் குவாரியில் நாம் ஜல்லி உடைத்தோம். பாதிப் பேர் நம்மைப் போலத் தென்காசிப் பக்கத்து ஆட்கள். உனக்கு மட்டும் கூடுதலாக ஒரு வேலை. திரியில் தீ வைக்குமுன் மேட்டில் ஏறி நின்று, "வெடி வைக்கப் போறாவ, ஒதுங்கிக்கோங்க" என்று குரல் கொடுப்பாய். தோட்டத்தில் ரப்பர் பால் எடுப்பவர்கள்கூடக் கேட்டு ஒதுங்குவார்கள். கல்யாண வீட்டுக்கு மைக் செட் வேண்டாம், உன்னைக் கூப்பிட்டால் போதும் என்று கேலி செய்வேன். நீ சிரித்துக்கொண்டே சுத்தியலை எடுப்பாய்.

பிறகு சட்டம் வந்தது. வீடுகளிலிருந்து தள்ளி இருக்க வேண்டும், சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும், வெடி வைக்க லைசென்ஸ் உள்ள ஆள் வேண்டும் என்றார்கள். அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். அடிவாரத்து வீட்டுச் சுவர்களில் விரிசல் விட்டதை நாமே பார்த்தோம். பக்கத்து மலையின் பெரிய குவாரி எல்லா அனுமதியும் வாங்கி மிஷினை இறக்கியது. நம் குவாரிக்குச் சங்கிலி போட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் இனி எங்கே போவார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

கொஞ்ச நாளில் முதலாளி பின்பக்கம் வழி வெட்டினார். நாமும் போனோம், வேறென்ன செய்ய? பெரிய குவாரியில் மதியம் வெடி வைப்பார்கள். அந்த முழக்கம் அடங்குவதற்குள் நம்முடையதும் வெடித்துவிட வேண்டும், அப்போதுதான் வெளியே தெரியாது. உன் குரல்தான் அவருக்குப் பயம். "சத்தம் போடண்டா, கேட்டோ. ஆபீசர் அறிஞ்சா எல்லாருக்கும் பணி போகும்" என்று மலையாளம் கலந்து சொல்லி உன்னைத் தடுத்தார்.

அன்றிலிருந்து நீ ஒவ்வொருவரிடமும் நடந்து வந்து தோளைத் தொடுவாய். "வாய மூடச் சொன்னாரு, மூடிக்கிட்டேன். கையக் கட்டச் சொல்லலையே" என்றாய். எனக்குத் தனியாகவும் சொன்னாய்: "தொட்டா ஓடணும், பிள்ள. திரும்பிப் பாக்கப்பிடாது." கடைசி ஆளையும் தொட்டுவிட்டு நீ தலையசைத்த பிறகுதான் திரியில் தீ.

அந்த நாள் மழைக்கோளாக இருந்தது. நான் கீழே ஓடையில் குடத்தை முக்கிக்கொண்டிருந்தேன். பெரிய குவாரியில் வழக்கத்துக்கு முன்பே வெடித்துவிட்டார்கள். எனக்கு அது இடியாகத்தான் பட்டது. மேலே முதலாளி, "இப்ப வை, இப்ப வை" என்று அவசரப்படுத்தியிருக்கிறார். உன் தலையசைப்புக்கு யாரும் காத்திருக்கவில்லை. திரி புகைவதைப் பார்த்தவர்கள் மேலே ஏறினார்கள். நீ மட்டும் கீழே இறங்கினாய்.

உன் கை என் தோளில் பட்டது. குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். பாறைக்குப் பின்னால் போய் விழுந்தபோது நீயும் பக்கத்தில் இருப்பாய் என்றே நினைத்தேன்.

விறகு பொறுக்க வந்தவள் என்று முதலாளி சொன்னார். இல்லை, வேலைக்கு வந்தவள், என்னைக் கூப்பிட வந்து செத்தவள் என்று விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். மூடிய குவாரியில் ஏது வேலை என்று கேட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை, அக்கா. வைதாலும் ஆறவில்லை, அழுதாலும் ஆறவில்லை.

இப்போதும் பஸ்ஸில் யாராவது பின்னாலிருந்து தோளைத் தொட்டு, "சேச்சி, கொஞ்சம் மாறி நில்லு" என்றால் கால் தானாக ஓடப் பார்க்கிறது. பிடித்து நிறுத்திக்கொள்கிறேன். நீ சொன்ன பேச்சை இந்த ஒன்றில் மட்டும் கேட்பதில்லை. முதலில் திரும்பிப் பார்க்கிறேன்.