லிஃப்ட் தூக்காத மூன்று வாரம்

ஜூன் 3, திங்கள்

என் வாரம் இன்று காலைதான் தொடங்கியது. மூன்று மணி நேரத்தில் டிராக்டர் படுத்துவிட்டது.

கீழ் வயலில் எட்டுச் சால் ஓட்டும்வரை ஒரு குறையும் இல்லை. ஒன்பதாவது சால் முடிந்து வண்டியைத் திருப்ப லிவரைத் தூக்கினேன். கலப்பை பாதி எழுந்தது, விக்கல் எடுத்தவனைப் போல இரண்டு முறை துள்ளியது, மறுபடி மண்ணில் உட்கார்ந்துகொண்டது. எஞ்சினை எவ்வளவு முறுக்கினாலும் பம்ப் முனகியதே தவிர, கலப்பையைத் தூக்கும் லிஃப்ட் அசையவில்லை. கடைசியில் பின்னைக் கழற்றிக் கலப்பையை வயலிலேயே விட்டுவிட்டு, வெறும் வண்டியோடு திரும்பினேன். அண்ணன் வரப்பில் நின்றிருந்தான். பார்த்தான். நானும் பார்த்தேன். அவ்வளவுதான்.

பதினான்கு மாதமாக அவ்வளவுதான். அப்பா விட்டுப்போன டிராக்டர் ஒன்று, பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர். ஒரு வாரம் அவனுக்கு, ஒரு வாரம் எனக்கு. ஞாயிறு மாலை, இரண்டு நிலத்துக்கும் நடுவிலுள்ள ஷெட்டில் கொண்டுவந்து விட வேண்டும். சொல்ல வேண்டியதை இடது மட்கார்டின் உட்புறம் சுண்ணக்கட்டியால் எழுதி வைப்போம். "டீசல் பாதி." "முன் டயர்ல காத்து கம்மி." சித்தப்பா வீட்டில் அத்தனை பேர் நடுவில், "அவ எங்க விவசாயம் பண்றா? வண்டிய உருட்டி விளையாடுறா" என்று சொல்லிச் சிரித்தானே, அன்றிலிருந்து எங்கள் பேச்சு மட்கார்டோடு சரி.

ஜூன் 4, செவ்வாய்

மெக்கானிக்குக்கு போன் செய்தேன். எப்போது கூப்பிட்டாலும் "இதோ வந்துட்டேன்" என்பார். அதனால் அதுவே அவருக்குப் பெயர். வந்து நான் பார்த்ததில்லை.

"இதோ வந்துட்டேன்க்கா. அதுக்குள்ள ஆயில் கம்பிய உருவிப் பாருங்க."

பார்த்தேன். அளவு பார்க்கும் அந்தக் கம்பியில் ஒட்டியிருந்தது எண்ணெய் மாதிரியே இல்லை. பால் ஊற்றிய டீ மாதிரி வெளுத்து, நுரைத்து இருந்தது.

"தண்ணி கலந்தாலும் அப்படித்தான் இருக்கும், காத்து கலந்தாலும் அப்படித்தான் இருக்கும். ஒரு கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு, நாளைக்கு வரைக்கும் ஆட்டாம வைங்க. தண்ணின்னா அடியில தங்கும். காத்துன்னா தானா தெளிஞ்சிடும்."

சமையலறை அலமாரியில் மேல் தட்டில் வைத்திருக்கிறேன்.

ஜூன் 5, புதன்

தெளிந்துவிட்டது. எவ்வளவு நன்றாகத் தெளிந்தது என்றால், காலையில் பஸ் ஓட்டும் வேலைக்குக் கிளம்பிய என் வீட்டுக்காரர் தேன் என்று நினைத்து மூடியைத் திறந்துவிட்டார். முகர்ந்து பார்த்ததோடு பிழைத்தார்.

அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆகவே காற்று. எங்கிருந்து வருகிறது?

ஜூன் 6, வியாழன்

பம்புக்கு ஆயில் போகும் குழாயின் மூட்டைக் கழற்றினேன். உள்ளே இருந்த ரப்பர் வளையம் காய்ந்து தட்டையாகிக் கிடந்தது. பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம். குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்று நினைத்துப் புது வளையம் போட்டு இறுக்கி, வயலில் விட்டிருந்த கலப்பையை மாட்டி ஓட்டினேன்.

காலை முழுக்க ஜோராகத் தூக்கியது. வெயில் ஏறி ஆயில் சூடானதும் அதே விக்கல்.

ஜூன் 7, வெள்ளி

அண்ணி வந்தார்கள். வந்ததும் உட்காரவில்லை என்றால் ஏதோ சேதி இருக்கிறது என்று அர்த்தம்.

"பழைய வண்டி வாங்கறவர் ஒருத்தர் இருபத்தி மூணாம் தேதி வர்றாராம். வித்துடலாம்னு உங்க அண்ணன் சொல்றார். நீயும் கையெழுத்துப் போடணும்."

"அப்புறம் நான் எதை வச்சு உழறது அண்ணி?"

அண்ணி முந்தானையை விரலில் சுற்றினார்கள். "உன் நிலத்தையும் சேர்த்து அவரே பாத்துக்கறேங்கறார். வேற வண்டி ஏதாவது ஏற்பாடு பண்ணிப்பாராம். வருஷத்துக்கு இவ்வளவுன்னு உனக்குக் கொடுத்துடுவாராம்."

ஓ. அப்படியா சேதி! உருட்டி விளையாடியது போதும், இறங்கு என்கிறான். நான் முடியாது என்றுதான் சொன்னேன். ஆனால் ஓடுகிற வண்டி என்றால் தைரியமாகச் சொல்லலாம். கலப்பையைத் தூக்காத வண்டியை வைத்துக்கொண்டு எதைச் சொல்லி மறுப்பேன்? மழைக்கு முன் கீழ் வயல் முடிய வேண்டும். வாடகை வண்டி என்றால் எல்லோருக்கும் முடித்துவிட்டுத்தான் என் மூலைக்கு வரும்.

ஜூன் 8, சனி

வேலையை நிறுத்திய கையோடு கம்பியைப் பார்த்தேன். அதிலுள்ள அளவுக் கோட்டுக்கு மேல் இரண்டு விரல். அவன் வாரம் முடிந்து வந்தால் எப்போதும் இப்படித்தான், அளவில்லாமல் ஊற்றுகிறான். வழக்கம்போல ஒரு கேன் வடித்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

ஷெட்டில் விட்டேன். எழுதியது: "லிஃப்ட் சூடானா தூக்கல. ரப்பர் வளையம் மாத்தியாச்சு."

ஜூன் 14, வெள்ளி

அண்ணன் வயலில் கலப்பை நட்டநடுவில் தனியாக நிற்கிறது. அவனுக்கும் அதே விக்கல். ஒரு நிமிடம் நன்றாக இருந்தது. பிறகு நன்றாக இல்லை. அது என் வண்டியும்தானே.

ஜூன் 16, ஞாயிறு

வண்டியைப் பார்க்கக் கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டேன். அண்ணன் ஷெட்டில் இருந்தான். என்னைப் பார்க்கவில்லை. புளியமரத்துக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டேன். ஒளிந்தேன் என்றே எழுதலாம்.

சாவகாசமாகக் கம்பியை உருவினான், துடைத்தான், மறுபடி விட்டு எடுத்தான், முகத்தைச் சுளித்தான், கேனைத் தூக்கி ஊற்ற ஆரம்பித்தான். கலப்பை? கலப்பை இடுப்பு உயரத்துக்குத் தூக்கியபடி இருக்கிறது, ஆயில் ஆறிய நேரத்தில் தூக்கிக்கொண்டு வந்திருப்பான்!

கலப்பையைத் தாங்கி நிற்பதே சிலிண்டருக்குள் ஏறிய ஆயில்தான். அது மேலே இருக்கும்போது கீழே அளந்தால் குறையாமல் என்ன செய்யும்? அதைக் குறைச்சல் என்று நினைத்து, பதினான்கு மாதமாகத் தன் வாரம் முடியும்போதெல்லாம் ஊற்றியிருக்கிறான்.

அவன் போனதும் எழுதினேன், பெரிய எழுத்தில்: "கலப்பைய இறக்கி வச்சு ஆயில் பாக்கணும்!!! தூக்கி வச்சுப் பாத்தா கம்மியாத்தான் தெரியும்!!!" ஆச்சரியக்குறிகள் சித்தப்பா வீட்டுக் கணக்கில். வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஜூன் 17, திங்கள்

காலையில் ஷெட்டுக்குப் போனால் என் எழுத்துக்குக் கீழே அவன் பதில் இருக்கிறது. "சரி. நீ எப்போ பாப்ப?"

"வேலை முடிஞ்ச கையோட" என்று எழுதினேன். இதிலென்ன கேள்வி? பதில் எழுதட்டும் என்று மாலையில் வண்டியை ஷெட்டிலேயே விட்டேன்.

ஜூன் 18, செவ்வாய்

மட்கார்டில் அவனுடைய அடுத்த கேள்வி: "நுரை அடங்கறதுக்கு முன்னாடியா?"

பாட்டிலில் ஊற்றி வைத்து, நுரை அடங்கித் தெளிந்ததை என் கண்ணாலேயே பார்த்தவள் நான். அப்போதும் உறைக்கவில்லையே! நுரை பொங்கி நின்ற உயரத்தை ஆயில் என்று நினைத்து, நல்ல ஆயிலைக் கேன் கேனாக வடித்திருக்கிறேன்.

மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் சிரித்து முடிக்கும்வரை போனைத் தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

"அவர் வாரத்துல ஆயில் கூடிப்போய் கியர் அதைத் தயிர் மாதிரி கடையுது. உங்க வாரத்துல கம்மியாகி பம்ப் காத்தை இழுக்குது. ரெண்டு வழியிலயும் நுரைதான். வளையம் மாத்தினது தப்பில்ல, ஆனா அதனால மட்டும் நிக்காது. ஒரு நாள் ரெண்டு பேரும் நின்னு பேசியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதுக்கா."

மொத்தத்தையும் வடித்து, ஆயிலை வடிகட்டும் சல்லடையைக் கழுவி, புது ஆயில் விட வேண்டுமாம். உள்ளே தங்கிய காற்றை வெளியேற்ற ஒருவர் லிவரில் இருக்க வேண்டும், ஒருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். "ரெண்டு ஆள் வேணும். நான் இதோ வந்துட்டேன்" என்றார்.

மட்கார்டில் எழுதினேன்: "நாளைக்குக் காலைல ஆயில் மாத்தணும். ரெண்டு ஆள் வேணும்." எழுதிய கை எரிந்தது.

ஜூன் 19, புதன்

மெக்கானிக் வரவில்லை. அண்ணன் வந்தான்.

அவன் நட்டைக் கழற்றினான், நான் வாளியை வைத்தேன். சல்லடையை டீசலில் கழுவினேன். பசை மாதிரி கறுப்பாக வழிந்தது. அவன் நிமிர்ந்து பார்த்து, "ம்" என்றான். புது ஆயிலை ஊற்றினோம். இறக்கி வைத்து, காத்திருந்து, கோட்டுக்குச் சரியாக.

பிறகு பேசாமல் வழியில்லை. நான் சீட்டில் இருக்கிறேன், எனக்குப் பின்னால் நடப்பது தெரியாது. அவன் பின்னால் நிற்கிறான், லிவர் அவன் கையில் இல்லை.

"தூக்கு" என்றான்.

தூக்கினேன்.

"இறக்கு. மெதுவா. மறுபடி தூக்கு."

"துள்ளுதா?" என்று கேட்டேன். பதினான்கு மாதத்தில் நான் அவனிடம் கேட்ட முதல் கேள்வி.

"கொஞ்சம். இன்னொரு தடவ. இரு, இரு, கலப்பைக்கு அடியில கட்டைய வச்சுக்கறேன்."

"கையை உள்ள விடாத அண்ணா!"

அண்ணா என்று வந்துவிட்டது. கட்டையை வைத்துவிட்டு எழுந்தவன் முகத்தை நான் பார்க்கவில்லை. லிவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்துப் பன்னிரண்டு முறை ஏற்றி இறக்கினோம். கடைசி மூன்று முறை கலப்பை வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு எழுந்தது.

மன்னிப்பு ஒன்றும் அவன் கேட்கவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 21, வெள்ளி

இரண்டு நாளாகக் காலை முதல் மாலை வரை ஓட்டினேன். உச்சி வெயிலிலும் விக்கல் இல்லை. கீழ் வயல் முடிந்தது.

ஜூன் 23, ஞாயிறு

வண்டி வாங்குகிறவர் சொன்னபடி வந்தார். யாரும் அவரை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் சொல்லாததற்குக் காரணம், அண்ணன் சொல்கிறானா என்று பார்க்கத்தான். அவனும் சொல்லவில்லை.

வந்தவர் டயரை உதைத்தார், பானட்டைத் தட்டினார், அண்ணனிடம், "லிஃப்ட் தூக்காதுன்னு சொன்னீங்களே?" என்றார்.

"இப்போ தூக்குது."

"அப்படியா? யார் பாத்தது?"

அண்ணன் என் பக்கம் கையைக் காட்டினான். "இவதான். பாட்டில்ல பிடிச்சு வச்சு, வளையம் மாத்தி, எல்லாம் இவதான். நான் கண்டபடி ஊத்திட்டு இருந்தேன்."

பாட்டில் விஷயம் அண்ணி சொல்லித் தெரிந்திருக்கும். வடித்துக்கொண்டிருந்தவளைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

"சரி, முடிவா என்ன சொல்றீங்க?"

"ஓட்டறவ அவ. அவளக் கேளுங்க" என்றான்.

விற்பதில்லை என்றேன். குரல் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது. வந்தவர் டீ குடித்துவிட்டுப் போனார்.

ஜூன் 26, புதன்

மழை. கீழ் வயலில் நின்று நனைந்தேன். வேறு ஒன்றும் இல்லை.

ஜூன் 30, ஞாயிறு

அண்ணன் வாரம் முடிந்தது. ஷெட்டுக்குப் போனேன். கலப்பை தரையில் இறங்கியிருந்தது. மட்கார்டைத் துடைத்து வைத்திருந்தான், ஒரு எழுத்துகூட இல்லை. மறுபடி ஏதாவது கோபமோ என்று யோசிக்கும்போதே போன் அடித்தது, அண்ணன்தான்.

"ஆயில் பாத்துட்டேன், கரெக்டா இருக்கு. டீசல் கால்வாசிதான் இருக்கும். ஆமா, நாளைக்கு எங்க ஓட்டப்போற?"

"மேல் வயல்ல."

"வடக்கு ஓரத்துல ஒரு பாறை இருக்கு. அங்க கலப்பையத் தூக்கிட்டுப் போ."

சரி என்று போனை வைத்தேன். வைத்துவிட்டுக் கம்பியையும் ஒரு முறை உருவிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.