கிடாயின் இடது காது

மார்ச் 9, திங்கள்

எட்டு மணிக்கே வெயில். கடைசித் துணியைக் கொடியில் போடுவதற்குள் முதல் துணி காய்ந்துவிட்டது.

மு. இன்று ஃப்ளெக்ஸ் கட்டினார். (கணவர்தான். முழுப் பெயர் எழுதும் அளவுக்கு இன்று மரியாதை இல்லை.) 'ஒருங்கிணைந்த கலப்பினச் செம்மறிப் பண்ணை'. கூலிங் கிளாஸோடு அவர் படம். பண்ணையில் இருப்பது பதினொரு பெட்டை ஆடு, ஒரு கருந்தலைச் சீமைக் கிடா. எதனோடு எது ஒருங்கிணைந்தது என்று கேட்டேன். ரெட்டியபட்டி பஸ்ஸில் போகிறவர்கள் பார்ப்பார்களாம். பார்த்துவிட்டு?

ஆட்டில் கலப்பு என்றால் இந்த ஊருக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கும் பெருமை. வேறு தெருப் பையனைக் கட்டிக்கொண்டு போன பெண்ணின் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்கள்.

கிடாய்க்கு இன்று: கம்பெனித் தீவனம், தாது உப்புக்கட்டி, முதுகில் ஈரச் சாக்கு.
பாப்பாவுக்கு: ரஸ்க்.
எனக்கு: ஒன்றுமில்லை.

பத்து மணிக்கு மேல் அந்தத் துரை நடக்காது. நாட்டு ஆடுகள் கண்மாய்க்குள் கருவேலங்காய் பொறுக்கும்போது, இது வேப்பமரத்தடியில் படுத்து மூச்சு வாங்கும். மேய்ப்பது நாத்தனார். மு.வின் அக்கா. புருஷனை விட்டு வந்து எட்டு வருஷம். மதினி என்று கூப்பிட வேண்டும். இந்த டைரியில் அந்தக் கட்டாயம் இல்லை. உள்ளே வந்தால் வீடே ஆட்டு வாடை. இன்று கிடாயைப் பார்த்து, "மறுவீட்டுக்கு வந்த மாப்ள கணக்கா படுத்துருக்கு பாரு" என்றாள். அவள் வாயிலிருந்து வந்த ஒரே உருப்படியான பேச்சு.

நியாயமாக ஒன்று: இதன் குட்டிகள் சீக்கிரம் எடை போடுகின்றன. போன வருஷம் அரிசி, பால், பாப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் அந்தக் குட்டிகள்தான். பருத்தி ஒன்றும் தரவில்லை.

மார்ச் 11, புதன்

திருச்சுழிப் பக்கமிருந்து ஒருவர் கிடா பார்க்க வந்தார். பல் பார்த்தார், விரை பார்த்தார், காலைத் தூக்கிக் குளம்பு பார்த்தார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் இவ்வளவு சிரமப்படவில்லை. அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். ஞாயிறு வண்டி கொண்டுவருவாராம்.

விற்றுத்தான் ஆக வேண்டும். அதன் மகள்களே இனி சினைக்கு வரும். அப்பனோடு சேர்ந்தால் குட்டி நோஞ்சான். ஆடு வளர்ப்புப் பயிற்சிக்குப் போய் மு. மண்டையில் ஏறிய ஒரே விஷயம். இந்தப் பணத்தில் வேறு ரத்தத்துக் கிடா. இல்லையென்றால் அடுத்த வருஷம் உருப்படியான குட்டி இல்லை. வருமானமும் இல்லை.

எழுதாமல் விட்டிருந்த ஒன்று. தையில் பாப்பாவுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. அருப்புக்கோட்டை பஸ்ஸில், என் மடியில். கண் மேலே போய்விட்டது. ஜன்னலில் கருப்பசாமி கோயில். எங்கள் கிடாயைத் தருகிறேன் என்று மனசுக்குள் சொன்னேன். ஒரு குட்டி என்று சொல்லியிருக்கலாம். கிடா என்றேன். இருப்பதே ஒரு கிடா.

நான் எம்.எஸ்சி. வேதியியல். பயப்பட ஒன்றுமில்லை, வளர வளர நின்றுவிடும் என்றார் டாக்டர். எனக்கும் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மு. சிரிப்பார். நாத்தனார் சிரிக்க மாட்டாள். எது கேவலம், தெரியவில்லை.

மார்ச் 13, வெள்ளி

பாப்பா உடம்பு சுடுகிறது. மாலை 100.2. எட்டு மணிக்கு 101. பாராசிட்டமால், ஈரத்துணி. மு.: பல் முளைக்கிறதாம். எல்லாப் பல்லும் முளைத்த பிள்ளைக்கு. அவருடைய வாட்ஸ்அப் குழுவில் ஆட்டுக் காய்ச்சலுக்கு மட்டும்தான் மருந்து சொல்வார்கள்.

நாத்தனார் அதே ஆட்டுக் கையால் நெற்றியைத் தொட்டாள். "ஏந்தாயி, சாமிக்கு எதும் பாக்கி இருக்கா?"

இது வைரஸ் என்றேன்.

"இருந்தா காத அறுத்து விட்டுரு. பெறகு ஒருத்தனும் அந்த ஆட்ட வெலைக்குக் கேக்க மாட்டான். சாமிக்கும் நம்பிக்க வந்துரும்."

கைநாட்டுக்குப் பாடம் நடத்த எனக்குத் தெம்பு இல்லை.

மார்ச் 14, சனி

காலை 102.4. மு. அருப்புக்கோட்டைக்குப் போனார், வாங்கிய அட்வான்ஸைப் புதுக் கிடாய்க்குக் கட்ட. போகும்போது கேட்டது, கிடாய்க்குத் தண்ணீர் வைத்தாயா என்று. நாத்தனார் கண்மாயில்.

பதினொன்றரை. பாப்பாவின் கை ஒரு தடவை துடித்தது. ஒரே தடவை. தூக்கத்தில் எல்லாக் குழந்தைக்கும் துடிக்கும்.

ஜாக்கெட் வெட்டுகிற கத்தரிக்கோல். கிடாயின் இடது காது நுனி. நினைத்ததைவிடத் தடிமன். இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது. கத்தவில்லை, தலையை உதறியது. ரத்தம் என் நைட்டியில். மஞ்சள் அப்பினேன். அது தின்ன ஆரம்பித்துவிட்டது. ஒரு கருந்தலை ஆட்டுக்கு இருக்கும் நிதானம் எனக்கு இல்லை.

பாப்பா அழும் சத்தம். கத்தரிக்கோலைத் தீவனத் தொட்டியிலேயே போட்டுவிட்டு ஓடினேன்.

மாலை. நாத்தனார் ஆடுகளை அடைத்துவிட்டு வெகுநேரம் கொட்டிலிலேயே நின்றாள். உள்ளே வந்து சோறு கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை. மு. இருட்டிய பிறகுதான் வந்தார், கிடாயைப் பார்க்கவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

வண்டி ஒன்பது மணிக்கு. திருச்சுழிக்காரர் பிடித்த கயிற்றை அப்படியே விட்டுவிட்டார். "சாமிக்கு விட்ட ஆட்டயா எந்தலைல கட்டப் பாத்தீக?" அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார். அது புதுக் கிடாய்க்குப் போய்விட்டது. மு. முகம் செத்துவிட்டது. அக்காவைத்தான் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"நாந்தேன்," என்றாள். "பிள்ளைக்கு நேந்தேன்."

மு. என்னைக் கை காட்டினார். "ஏக்கா, ஒனக்குத்தேன் எழுத்து வாசன கெடையாது. எம்.எஸ்சி. படிச்சவ ஒருத்தி வீட்ல இருக்கால்ல. அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வெட்டிருக்கலாம்ல?"

பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அவள் கம்பை எடுத்தாள். என்னைத் தாண்டும்போது, "பிள்ளைக்கு வெயில் படுது, உள்ள போ தாயி."

மதியம் மு. அக்காவின் தோட்டைக் கேட்டார், திருச்சுழிக்காரருக்குத் திருப்ப. அங்கேயே கழற்றிக் கொடுத்தாள். அப்போதும் நான் அடுப்படியில்.

மாலை 98.6. இரண்டு தடவை பார்த்தேன். மருந்து கேட்டிருக்கிறது. மருந்துதான்.

தையல் பெட்டியைத் திறந்தேன். கத்தரிக்கோல் உள்ளே. கழுவி, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி. நான் வைக்கவில்லை.

வெளியே மதினி ஆடுகளை எண்ணி அடைக்கிறார். காதுத் துளை இரண்டிலும் வேப்பங்குச்சி.