கம்ப்யூட்டர் கழகத்துக்கு ஒரு மஞ்சள் பெல்ட்

1985 ஜூலை 1, திங்கள்
மதியம் நல்ல மழை. வீட்டுக்குப் போகும் சிலிபின் பஸ் தாமதம். சாக்ஸ் இன்னும் ஈரம்.

கழகத்தில் மூன்று பேர்தான்: வசந்தி, மும்தாஜ், நான். கம்ப்யூட்டர் ஒன்று. எங்கள் ஆசிரியை மிஸ் வோங் இன்று சொல்லிவிட்டார்: பள்ளி விளையாட்டுப் போட்டியில் எங்கள் புரோகிராம் இந்த வருடமும் புள்ளிகளைத் தப்பாகக் கூட்டினால் கழகத்தை மூடி, அறையைத் தையல் வகுப்புக்குக் கொடுத்துவிடுவார்களாம். போன வருடம் தப்பாகச் சிவப்பு இல்ல அணிக்குக் கொடுத்த கோப்பையைத் திரும்ப வாங்கினார்கள். அந்தப் புரோகிராமை எழுதியவள் வசந்தி. அழுதாள்.

ஜூலை 2
தம்பிக்கு டெக்வாண்டோவில் மஞ்சள் பெல்ட். வீடு முழுக்க உதை.
"நேரா கறுப்பு வாங்க வேண்டியதுதானே?" என்றார் அம்மா.
"அப்படிலாம் தாண்ட முடியாதும்மா. ஒழுங்கா நிக்கத் தெரிஞ்சாதான் மஞ்சளே."

படுத்தபின் தோன்றியது. புரோகிராமைச் சோதிப்பதற்கும் பெல்ட் உண்டு! வெள்ளை: எழுதி முடித்துக் கடைசி நாளில் ஓட்டிப் பார்ப்பது. மஞ்சள்: என்ன விடை வரவேண்டும் என்று முதலிலேயே தாளில் எழுதிவிட்டுத் தட்டுவது. பச்சை: எழுதியவள் சோதிக்கக் கூடாது, வாரம் ஒரு பகுதி, அந்த வாரமே சோதனை. கறுப்பு: தப்பு ஏன் வந்தது என்று பார்த்து, வேலை செய்யும் முறையையே மாற்றுவது.
நாங்கள் வெள்ளை. அதுவும் அழுக்கு வெள்ளை.

ஜூலை 8
இன்றிலிருந்து பெல்ட் முறை. வசந்தி எழுதிய ஓட்டப் பந்தயப் பகுதியைச் சோதிப்பவள் நான். இரண்டு பேர் சேர்ந்து முதலாவதாக வந்தால்? இருவருக்கும் புள்ளி என்று தாளில் எழுதிவிட்டுத் தட்டினேன். ஒருத்திக்கு மட்டும் புள்ளி.
"வேணும்னே நான் எழுதுனத ஒடைக்கப் பாக்குற லா," என்றாள் வசந்தி.
"ஆமா. அதுக்குத்தானே உக்காந்திருக்கேன்."
முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போன வருடம் அவள் மனம் நோகக்கூடாது என்று எல்லாரும் 'சூப்பர்' என்றோம்.
மும்தாஜின் அப்பா சாப்பாட்டுக் கடைக்காரர். அவள் சொன்னாள்: "எங்க கடையில ஆக்குனவரு உப்பு பாக்க மாட்டாரு. இன்னொரு ஆளுதான். அதுக்கெல்லாம் கோவிச்சா கடைய மூட வேண்டியதுதான்."
வசந்தி சிரித்துவிட்டாள். அப்பாடா.

ஜூலை 15
மும்தாஜ் எழுதியதை வசந்தி சோதித்தாள். பழிவாங்கும் வேகம். ஓடுபவர் பெயர் கேட்ட இடத்தில் 'டுரியான்' என்று ஒரு பழத்தின் பெயரைத் தட்டினாள். டுரியானுக்கு ஐந்து புள்ளி!
"அலாமக், டுரியான் எங்கடி ஓடும்?" மும்தாஜ் தலையில் கைவைத்தாள்.
"ஒன் புரோகிராம்ல ஓடுது லா."

மிஸ் வோங் கேட்டார், தயாரா என்று. ஆம் என்று சொல்ல எவ்வளவு ஆசை. ஆனால் தொடர் ஓட்டத்தை நாங்கள் சோதிக்கவில்லை. சொன்னேன். அதை மட்டும் கையால் கூட்டச் சொன்னேன். வசந்தி மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். மிஸ் வோங் அதை நோட்டில் குறித்துக்கொண்டார். சரி என்றார்.

ஜூலை 20, சனி
போட்டி நாள். நல்ல வெயில். குனோங் ராபாட் மலைகள் பளிச்சென்று.

தடை ஓட்டத்தில் முதலாவதாக வந்தவளைத் தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். புள்ளியை ஏற்கனவே தட்டியாயிற்று. திரும்ப எடுப்பது எப்படி? யாரும் யோசிக்கவே இல்லை. வசந்தி மறைக்கவில்லை. அறிவிப்புக்கு முன்பே தானே ஓடிப்போய் மிஸ் வோங்கிடம் சொல்லி, அவகாசம் கேட்டாள். அவள் திருத்த, நான் வரவேண்டிய விடையைத் தாளில் எழுத, மும்தாஜ் தட்டினாள். விடை பொருந்தியது!

நீல இல்லத்துக்குக் கோப்பை. சரியான இல்லம்.

மாலை தலைமையாசிரியை எங்கள் அறைக்கு வந்தார். திங்களன்று ஃபாரம் டூ வகுப்பு மாணவிகள் கழகத்தில் சேர வருகிறார்களாம், யார் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டுவிட்டுப் போனார். மூடுவது பற்றிப் பேச்சே இல்லை.
வசந்தி என் பக்கம் திரும்பினாள். "எழுத நான் சொல்லித் தாரேன். ஒடைக்க நீ சொல்லிக் குடு."