ஸ்கேன் சொல்வதும் சொல்லாததும்

உத்திரமேரூர்

அன்பு மகன் வசந்த்குமாருக்கு, அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் சுகம். கத்தாரில் நீயும் உடல்நலத்தோடு இருக்க ஜெபிக்கிறோம். போனில் பேசினால் அவசரத்தில் ஏதாவது சொல்லிவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

ஈரலில் கொழுப்பு என்று வந்த உன் ஸ்கேனைப் பார்த்த நாள் முதல் மருமகள் திலகா மாகறலில் தன் தாய் வீட்டில் இருக்கிறாள். நீ குடிக்கிறாய் என்பது அவள் எண்ணம். நீ குடிப்பதில்லை என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதித் தரும்படி உன் அம்மா என்னையே கேட்டாள். கண்ணால் காணாததை எழுத முடியாது என்றதற்கு, ஊருக்கெல்லாம் பத்திரம் எழுதித் தருகிறீர்களே, பெத்த பிள்ளைக்கு மாட்டீர்களா என்று கோபித்துக்கொண்டாள். பிறகு டாக்டர் வேதகிரியிடம் போனேன். குடிக்காதவருக்கும் இது வரும், உடல் பருத்தவர்களுக்கு அதிகம் வரும் என்றார். அப்படிப்பட்டவர்களில் சிலருக்குச் சிறுகுடல் சர்க்கரையை வழக்கத்தைவிட வேகமாக உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்கிறதாம். அவர்களுடைய ஈரலிலும் கொழுப்பு கூடுதலாகக் காணப்படுகிறதாம். ஒன்றினால்தான் மற்றொன்று வருகிறதா என்று கேட்டேன். இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன, அதற்குமேல் உறுதியாகச் சொல்வதற்கில்லை என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. லாரி ஓட்டும்போது தண்ணீருக்குப் பதிலாக நீ குடிக்கும் இனிப்புக் குளிர்பான டின்களைப் பற்றிச் சொன்னேன். முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள் என்றார்.

இதையெல்லாம் மாகறலுக்குப் போய்த் திலகாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க நைனாவுக்கும் மொதல்ல ஈரலுன்னுதான் மாமா சொன்னாங்க. குடிக்கவே இல்லன்னு அவரும்தான் சத்தியம் பண்ணிக்கினு இருந்தாரு" என்றாள். அவள் அப்பாவை அடக்கம் செய்த அன்று நாமும் அங்கே நின்றோம். ஸ்கேன் உன்னைக் குடிகாரன் என்று சொல்லவில்லை; குடிக்காதவன் என்றும் சொல்லவில்லை. அதைச் சொல்லக்கூடியவன் நீ ஒருவன்தான். நீ குடிப்பதில்லை என்று நான் நம்புகிறேன், ஆனால் நம்பிக்கை சாட்சியம் ஆகாது; ஆகவே உன் சார்பில் அவளுக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. புறப்படும்போது அவள் கேட்டது இவ்வளவுதான்: "இன்னாவா இருந்தாலும் அவரு வாயால சொல்லட்டும் மாமா."

உண்மை எதுவோ அதை மட்டும் சொல். எடையைக் குறை, அங்குள்ள மருத்துவரிடம் தவறாமல் போ. கர்த்தர் உன்னைக் காத்து நடத்துவாராக. ஒன்றை மறக்காதே: நான் அங்கிருந்த நேரம் முழுவதும் திலகா போனைக் கையைவிட்டுக் கீழே வைக்கவில்லை.

உன் அப்பா,
ச. அருள்தாஸ்