மாத்திரை ஒட்டிய பக்கம்

மார்ச் 3, செவ்வாய்

இன்றைய ஆய்வுக்கூட்டத்தில் அளவுகளைச் சரிபார்த்தோம். காதுக்கு உட்புறமாக, மொழிக்குப் பயன்படும் மூளைப்பரப்பு பெரும்பாலோருக்கு இடப்பக்கம் பெரிது. எங்கள் தன்னார்வலர்களிலும் அப்படியே. பிப்ரவரியில் ஒரு வாரம் வந்த எட்டுப் பேர் மட்டும் விதிவிலக்கு: எட்டுப் பேருக்கும் வலது பெரிது.

"ஸ்கேன் எடுத்தப்பவே ஏதோ மாறியிருக்கலாம் சார்" என்றாள் ஆய்வு மாணவி. அந்த வாரம் ஸ்கேன் எடுப்பவர் விடுப்பில் இருந்தார். அவர் வேலையை நானே செய்தேன். ஆகவே அங்கே பிழைக்கு இடமில்லை. கணினியில் ஏற்றும்போது அவள்தான் திருப்பியிருக்க வேண்டும்.

"இடது வலது தெரியாதவங்க மூளைய அளக்க வரக்கூடாது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கட்டுரையிலிருந்து அவள் பெயரை நீக்கச் சொல்லிவிட்டேன். பிழை செய்தவர் பெயர் வராது; விதி விதிதான்.

மார்ச் 5

மாணவி வேறு ஆய்வகத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாளாம். அவள் விருப்பம்.

மார்ச் 8, ஞாயிறு

மைத்துனன் சாப்பிட வந்திருந்தான். அந்த எட்டுப் பேரில் அவனும் ஒருவன். ஆள் குறைகிறதென்று நான்தான் இழுத்துப்போனேன். ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தான்.

"என்னடா, ஆடு மாதிரி அசை போடுற?" என்றாள் என் மனைவி.

"இடது பக்கம் பல்லுக்கு உலோகத் தொப்பி போட்டிருக்கேன்ல, இன்னும் ஒத்துவரலக்கா. மாமாவோட காந்த மிஷின்ல படுத்தப்போ பல்லு பறந்துருமோன்னு பயந்துட்டேன்."

சிரித்தோம். உலோகம் இருந்தால் படத்தில் அவ்விடம் கறுத்து நெளியும். அவன் படத்தில் அந்தக் கறுப்பு வலப்பக்கம் இருந்ததாக நினைவு. நினைவுதான். பார்க்க வேண்டும்.

மார்ச் 9

வலப்பக்கம்.

படுப்பவரின் வலது நெற்றிப்பொட்டில் ஒரு மீன் எண்ணெய் மாத்திரையை ஒட்டுவோம். படத்தில் அது வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். புள்ளி உள்ள பக்கம் வலது. நான் வகுத்த விதி. அந்த வாரம், படுக்குமுன் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எதிரே நின்று, என் வலக்கையால், என் வலப்பக்கமாக — ஐயோ. எதிரே இருக்கறவனுக்கு அது இடதுதானே. கண்ணாடியைப் பார்த்து ஒட்டற மாதிரி எட்டுப் பேருக்கும் ஒட்டியிருக்கேன்.

மார்ச் 10, செவ்வாய்

கூட்டத்தில் சொல்ல வாயைத் திறந்தேன். மின்விசிறியைக் குறைக்கச் சொன்னேன்.

எட்டுப் படங்களையும் சத்தமில்லாமல் திருப்பிவிட்டால் முடிந்தது, யாருக்குத் தெரியும்? அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்குமோ? தெரிந்தும், அந்த வாரம் ஸ்கேன் எடுத்தது யார் என்று சபையில் சொல்லாமல் விட்டாளே. நான் அவளை அப்படி விட்டேனா?

மார்ச் 12

"என் தம்பி பல்லு மேல உங்களுக்கு என்ன திடீர் அக்கறை? எந்தப் பக்கம், எந்தப் பக்கம்னு அதையே கேக்கறீங்க" என்றாள் மனைவி. சொல்லிவிட்டேன். தட்டைக் கழுவியபடியே, திரும்பாமல் கேட்டாள்: "அந்தப் பொண்ண எல்லார் முன்னாடியும்தானே திட்டினீங்க? என்கிட்ட வந்து சொன்னா ஆச்சா?"

மார்ச் 17, செவ்வாய்

சொன்னேன். மூன்று வாக்கியங்கள் தயாரித்துப் போயிருந்தேன். முதலாவதோடு மற்ற இரண்டையும் விட்டுவிட்டேன். இடது வலது தெரியாதவன் நான்தான் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

கட்டுரையில் அவள் பெயர் முதலாவதாக வரும் என்றும் அறிவித்தேன். "நன்றி சார். ஆனா அங்க வர்றேன்னு வாக்கு குடுத்துட்டேன்" என்றாள். இருக்கச் சொல்லும் தகுதி எனக்கில்லை.

மார்ச் 27, வெள்ளி

அவளுடைய கடைசி நாள். எட்டுப் பேருக்கும் அடுத்த வாரம் மறுபடி ஸ்கேன். இன்று ஒத்திகைக்கு நான் படுத்தேன். அவள் எழுதிய புதிய விதி கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது: மாத்திரையை ஒட்டுமுன் படுப்பவரையே கை தூக்கச் சொல்ல வேண்டும்.

"உங்க வலது கையத் தூக்குங்க சார்."

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் எல்லோரும் நின்றிருந்தார்கள். ஐம்பது வயதில், ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் தூக்கினேன். அவள் அதுவரை காத்திருந்தாள். பிறகு ஒட்டினாள்.